பச்சையும் அரக்கும்

டெரன்ஸ் சேலை விற்கிறவர். தூத்துக்குடியில் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில், முதல் மாடியில், ஜன்னலோர மெத்தை அவருடையது. மீசை முளைத்த வயதில் வந்து உட்கார்ந்தவர், மீசை நரைத்தும் அங்கேயேதான் இருக்கிறார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. சேலையின் நிறத்தைத் தன் வாயால் சொல்லமாட்டார். "இது பச்சையா, அரக்குச் செவப்பா?" என்று யாராவது கேட்டால், முந்தியை விரித்துக் காட்டி, "நீங்க பாக்குறதுதாம்மா நிறம்" என்பார். பெண்கள் இதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள். டெரன்ஸும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். சிலருக்கு ஆட்களின் பெயர் நினைவில் நிற்காது. தனக்கு நிறங்களின் பெயர் நிற்பதில்லை, அவ்வளவுதான் என்பது அவர் எண்ணம். மார்க்கெட்டில் தக்காளியைத் தொட்டு அமுக்கித்தான் பழமா காயா என்று கண்டுபிடிப்பார். பக்கத்தில் நிற்பவர்களும் அமுக்கித்தான் பார்த்தார்கள். அதனால் சந்தேகம் எழவில்லை.

அவருடைய அக்கா பிலோமினாவின் மகன் ஜெனோ, கப்பலில் அதிகாரியாகப் போவதற்கான படிப்பில் சேர இருந்தான். அதற்கு முன் மருத்துவச் சோதனை. அங்கே புள்ளி புள்ளியாக வட்டங்கள் அச்சிட்ட ஒரு புத்தகத்தைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். முதல் பக்கத்தில், யார் கண்ணுக்கும் தெரிகிற பன்னிரண்டைச் சொன்னான். அடுத்த பக்கங்களில் புள்ளிகள்தான் தெரிந்தன. இருட்டில் எதிரே வரும் கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. அதைப் பிரித்தறியாதவனிடம் கப்பலைக் கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று மாலை அக்கா வீட்டில் சாவு வீடு போல ஆட்கள் கூடியிருந்தார்கள். அத்தான் மரியான், துறைமுகத்து இழுவைப் படகில் என்ஜின் பார்ப்பவர், நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பேசினார்.

"எங்க தாத்தா தோணில கொழும்புக்குப் போனவரு. எங்கய்யா போனாரு. நானும் கடல்லதான் போறேன். எங்க ரத்தத்துல இந்தக் கோளாறு கெடையாது. இது எங்கன இருந்து வந்துச்சுன்னு யாராவது சொல்லட்டும்."

பிலோமினா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். டெரன்ஸ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பிலோமினா மகனை ஒரு கண் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா சோதித்துவிட்டு, "அம்மா வழியிலதான் இது பையனுக்கு வரும். உங்க கூடப்பிறந்தவங்க யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார்.

"ஒரே தம்பி. அவனுக்கு இருக்காது. சேலைக்கடைல வேலை பாக்கான்."

"எதுக்கும் வரச் சொல்லுங்க."

டெரன்ஸ் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனார். முதல் பக்கத்தில் பன்னிரண்டு என்றார். அடுத்த பக்கத்தில், "அழகா இருக்கு" என்றார். டாக்டரம்மா மீதிப் பக்கங்களையும் புரட்டி முடித்துப் புத்தகத்தை மூடினார்.

"எத்தனை வருஷமா சேலை விக்கீங்க?"

டெரன்ஸ் சொன்னார். அக்கா மகனுக்கு இருப்பதுதான் அவருக்கும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் சாப்பிடும்போது டெரன்ஸ் வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மகள் சுஜிதா கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் வருடம். அவள் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"பொம்பளைக்கு எக்ஸ் குரோமோசோம் ரெண்டு. ஆம்பளைக்கு ஒரு எக்ஸு, ஒரு ஒய்யி. செவப்பையும் பச்சையையும் பிரிச்சுப் பாக்கதுக்கான ஜீன் எக்ஸ்லதான் இருக்கு. பொம்பளைக்கு ஒண்ணு கெட்டுப்போனாலும் இன்னொண்ணு தாங்கிக்கிடும், லாரில ஸ்டெப்னி இருக்க மாதிரி. ஆம்பளைக்கு ஸ்டெப்னி கெடையாது. இருக்கது ஒண்ணுதான்."

"அப்ப எங்கம்மா..."

"அவுகளுக்கு ஒண்ணுல குறை. ஆனா கடைசி வரைக்கும் எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சிருக்கும். அந்த எக்ஸ்தான் ஒங்களுக்கும் வந்துச்சு, அத்தைக்கும் வந்துச்சு. அத்தைக்கு ஒங்கய்யா குடுத்த இன்னொண்ணு இருக்கு. அதனால அத்தைக்குக் குறை வெளிய தெரியல. ஜெனோவுக்குக் காசு சுண்டுற மாதிரி, பாதிக்குப் பாதி. விழுந்துட்டு."

"மரியான் அத்தான் குடுக்கலங்கியா?"

"மாமா மகனுக்குக் குடுக்கது ஒய். அதுல இந்தச் சமாச்சாரமே இல்ல. குடுக்கணும்னு நெனச்சாலும் குடுக்க முடியாது."

டெரன்ஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஒனக்கு?"

"நிச்சயமா இருக்கு. ஒங்ககிட்ட இருக்கதே ஒரு எக்ஸ்தான், அதத்தான் எனக்குக் குடுத்திருக்கீக. ஆனா அம்மா குடுத்தது நல்லா இருக்கு, நான் பாக்குதேன். நாளைக்கு எனக்குப் பையன் பொறந்தா அவனுக்குப் பாதிச் சான்ஸு."

டெரன்ஸ் மனைவியைப் பார்த்தார். ரேச்சல் எந்த அதிர்ச்சியும் இல்லாமல் அவருக்கு மீன்குழம்பு ஊற்றினாள்.

"எனக்குக் கல்யாணமான வருசமே தெரியும்" என்றாள். "கிறிஸ்துமஸுக்குப் பச்சைச் சேலை கேட்டேன், நீங்க கொண்டாந்தது அரக்கு. மறுநாள் கடைக்குப் போயி மாத்திட்டு வந்தேன். நீங்க அதையும் பாத்து, 'நல்லாருக்குல்ல'ன்னீக. வருசா வருசம் அப்படித்தான்."

"ஏன் சொல்லல?"

"கேக்கலையே."

அவர் அன்று பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். இத்தனை காலம் ஊரில் எல்லோரும் ஒன்றைப் பார்க்க, தான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்ற எண்ணம் விடவில்லை. அதைவிடப் பெரியது வேலை பற்றிய பயம். கடையில் கேள்விப்பட்டு அனுப்புவதற்கு முன் நாமே சொல்லிவிடுவோம் என்று காலையில் நேராக அண்ணாச்சியின் கல்லாவுக்குப் போனார்.

"அண்ணாச்சி, எனக்குச் செவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாதாம். டாக்டர் சொல்லுதாங்க."

அண்ணாச்சி சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுத் திரும்பினார்.

"டாக்டர் இப்பத்தான் சொல்லுதாராக்கும்? ஒம் பொண்டாட்டி வருசா வருசம் வந்து சேலை மாத்திட்டுப் போறால்லா?"

"தெரிஞ்சுமா என்னை வச்சிருந்தீக?"

"ஏ டெரன்ஸு, நிறம் தெரிஞ்சவனெல்லாம் வர்ற பொம்பளைகிட்ட, 'ஒங்களுக்கு இது எடுக்காது'ம்பான். நீ சொல்லமாட்ட. மேல போ. சேலைக்கு ஜாக்கெட் துணி சேக்கதை மட்டும் கீழ வேலை பாக்க பிள்ளை பானுப்ரியாகிட்ட விட்டுரு."

டெரன்ஸ் மேலே போனார். அவருடைய மெத்தையில் உட்கார்ந்து, எதிரே இருந்த அடுக்குகளை வெகுநேரம் பார்த்தார். அவை நேற்று இருந்தபடியே இருந்தன.

பிலோமினாவுக்குத்தான் ஆறவில்லை. "நாந்தானல குடுத்தேன்" என்று தம்பியிடம் ஒருமுறை அழுதாள். "நீ எடுத்தா குடுத்த, அதுவா போச்சுக்கா" என்றார் அவர். மரியான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் ஒரு பெரிய சீலா மீனை வாங்கி, தானே செதில் எடுத்து, மனைவியின் முன்னால் வைத்துவிட்டுப் போனார். தாத்தாவின் தோணியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வீட்டில் பேச்சு எழவில்லை.

ஜெனோ சில மாதங்கள் கடற்கரைப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு கப்பல் ஏஜென்சியில், கண்டெய்னர் தாள்களைச் சரிபார்க்கிற வேலை கிடைத்தது. தாள்கள் வெள்ளை, எழுத்து கருப்பு. சேருவதற்கு முந்தின நாள் மாமாவின் கடைக்குச் சட்டை எடுக்க வந்தான். கீழ்த்தளத்தில் பானுப்ரியா சட்டைகளை எடுத்துப் போட்டாள். அவன் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"மாமா, இந்தப் பச்சை நல்லாருக்கா?"

மேலிருந்து இறங்கி வந்திருந்த டெரன்ஸ் கிட்டே வந்து பார்த்தார். இத்தனை வயதுக்கு, நிறத்தைப் பற்றி ஒரு ஆள் சொன்னது அவர் கண்ணுக்குத் தெரிவதோடு அப்படியே ஒத்துப்போனது அதுவே முதல் தடவை.

"அருமையான பச்சைல" என்றார்.

பானுப்ரியா இருவரையும் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், அந்த அரக்குச் சட்டையை மடித்துப் பையில் போட்டாள்.