முன்னே போகிறவருக்கு அறை வேண்டாம்

என் அண்ணியை எல்லோரும் மூட்டைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் அவளோடு வேலை பார்க்கிறவர்கள் கிண்டலுக்கு வைத்த பெயர் அது. அவளுக்குக் கோபமே வரவில்லை. யாராவது நாக்கைக் கடித்துக்கொண்டால், "சும்மா கூப்பிடுங்க, மூட்டை இருக்கத்தானே செய்யுது" என்பாள்.

அந்த மூட்டைதான் எங்கள் சாமி. சிலையும் கிடையாது, கோயிலும் கிடையாது. பெயர், முன்னே போகிறவர். பழந்துணிக்குள்ளே இருப்பதெல்லாம் அறுந்த செருப்பு வார்கள். முறை வந்தவர் தன் செருப்பு அறுந்துபோகிறவரை சாமியை முதுகில் சுமக்க வேண்டும். அறுந்ததும் அந்த வாரையும் உள்ளே வைத்துக் கட்டி, அடுத்தவர் முதுகில் ஏற்றிவிட வேண்டும். செருப்பைக் கும்பிடுகிற கூட்டம் என்று சிரிக்கிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன், உங்கள் சாமி இதுவரை எத்தனை மைல் நடந்திருக்கிறது என்று.

மூட்டை தரையில் படக் கூடாது. ஒரே கதவுக்குப் பின்னால் ஏழு ராத்திரிக்கு மேல் தங்கக் கூடாது. எட்டாவது ராத்திரி அந்த இடம் நம்மைப் பிடித்துக்கொள்ளும், முன்னே போகிறவர் நம்மை விட்டுவிட்டுப் போய்விடுவார், போனதுகூட நமக்குத் தெரியாது. இது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை.

கூடாரம் போட்டுத் திரிந்த காலத்தில், மழை பிடித்துக்கொண்டு வழி அடைபட்டால் அதற்கும் ஒரு முறை இருந்தது. எட்டாம் நாள் விடிந்ததும் சுமக்கிறவர் பக்கத்துக் கூடாரத்தின் முன்னால் போய் நிற்பார். வாய் திறந்து கேட்கக் கூடாது. உள்ளே இருப்பவர்கள் தட்டுமுட்டுச் சாமானோடு அடுத்த கூடாரத்துக்குப் போவார்கள். அங்கே இருந்தவர்கள் அதற்கு அடுத்ததற்கு. கடைசிக் கூடாரத்துக்காரர் சுற்றிக்கொண்டு முதல் கூடாரத்துக்கு வருவார். இருந்த இடத்திலேயே எல்லோரும் பயணம் போய்விடுவோம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் எங்களை நான்கு மாடிக் கட்டடத்தில், நாற்பது வீடுகளில் கொண்டுவந்து உட்கார வைத்தது. தரைத்தளத்தில் நான்காம் நம்பர் அண்ணனுக்கும் அண்ணிக்கும். லாரி மோதி அண்ணனுக்கு இரண்டு காலும் போய்விட்டதால், சக்கர நாற்காலி ஏறுவதற்குத் தரைத்தள வராந்தாவுக்குச் சரிவு கட்டித் தந்தார்கள். ஐந்தாம் நம்பர் எனக்கு. பள்ளிக்கூடப் பை தைக்கிறேன். ஜன்னலோரம் மெஷின். சமையலறையில் நானே அலைந்து வாங்கிப் பதித்த வெள்ளை ஓடு. என் வீடு எனக்கு உயிர், அதை மறைப்பானேன்.

வீடு வந்தபின் அந்தச் சுற்றை நாங்களே கைவிட்டுவிட்டோம். சுமக்கிறவர் எட்டாவது ராத்திரி பக்கத்து வீட்டு மூலையில் பாய் போட்டுப் படுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். எல்லாம் ஒப்புக்குத்தான். அண்ணிக்கு முறை வந்தபோது அவளும் என் வீட்டுக்கு அப்படித்தான் வந்துகொண்டிருந்தாள். பகலில் ஆவி பறக்கிற இஸ்திரி இயந்திரத்துக்கு முன் நின்று, முதுகில் மூட்டையோடு எட்டு மணி நேரம் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பாள். அலமாரியில் வைத்துவிட்டு வா என்று மேற்பார்வையாளர் சொன்னதற்கு, "அவர் பாட்டுக்கு இருக்கார், உங்களை என்ன பண்றார்?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தாளாம்.

வம்பு குடியிருப்பு அலுவலகத்திலிருந்து வந்தது. யாருக்கு ஒதுக்கினார்களோ அவர்கள் அந்த வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது சட்டம். ஆய்வாளர் ஒருவர் விடியற்காலையில் இரண்டு தடவை வந்தார். பதிவேட்டில் வீடு அண்ணி பெயரில், இரண்டு தடவையும் அவள் என் வீட்டில் இருந்தாள். குடியிருக்கவில்லை என்று இரண்டு முறை எழுதிவிட்டார். மூன்றாவது முறை எழுதினால் வீடு போய்விடும்.

ஆய்வாளர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நம்மைப் படுத்துகிற ரகம். தண்ணீர் மோட்டார் இருக்கிற அறைக்குப் பக்கத்து அறையைச் சுண்ணாம்பு அடித்து, விளக்குப் போட்டு, கதவுக்குப் புதுப் பூட்டும் மாட்டிவிட்டார். மூட்டையை இனி நிரந்தரமாக அங்கே வைத்துவிடுகிறோம் என்று அண்ணி கையெழுத்துப் போட்டால் போதும், எழுதியதையெல்லாம் அடித்துவிடுவாராம். வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவேன், ஒன்று கையெழுத்து, இல்லையென்றால் வீட்டுச் சாவி என்றார். அந்த வியாழன் எட்டாம் நாள்.

போகும்போது என் சமையலறையை எட்டிப் பார்த்தார். "இப்பதான் நீங்கல்லாம் மனுஷங்க மாதிரி வாழ ஆரம்பிச்சிருக்கீங்க. கெடுத்துக்காதீங்கம்மா" என்றார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினேன்.

புதன்கிழமை சாயங்காலம் அண்ணியிடம் சண்டைக்கே போனேன். கையெழுத்துப் போட்டால் என்ன குடி முழுகிப் போகும்? விளக்கும் கதவும் இருக்கிற அறை சாமிக்குக் கசக்குமா? காலில்லாத மனுஷனை இழுத்துக்கொண்டு எங்கே போவாய்? அண்ணி அரிசி களைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அண்ணன்தான் வாயைத் திறந்தான்.

"எனக்குக் கால் இல்லைங்கிறதைச் சாக்கா வச்சு அவரை உட்கார வைக்காதே."

அதற்கு மேல் அங்கே எனக்கென்ன வேலை. எழுந்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை விடிந்தது. பால் அடுப்பில் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் என் கதவுக்கு முன்னால் அண்ணி நிற்கிறாள். முதுகில் மூட்டை. பின்னால் சக்கர நாற்காலியில் அண்ணன், மடியில் அடுப்பு, அதற்கு மேல் சுருட்டிய பாய், பாய்க்கு மேலே அவன் சிரிப்பு. மூலையில் படுக்க வரவில்லை என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. பழைய முறைப்படி வந்து நிற்கிறாள். நான் வீட்டை விட்டு எழுந்திருக்க வேண்டும்.

நான் எழுந்திருக்கவில்லை. பால் பொங்கி வழிந்தது, துடைத்தேன். மறுபடி பார்த்தேன், நின்றுகொண்டுதான் இருந்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. மாடி வராந்தாக்களில் தலைகள் தெரிந்தன. ஐந்தாம் நம்பர் அசைந்தால்தான் மற்றவை அசையும் என்று எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ கதவு இருக்க என் கதவுதானா கிடைத்தது என்று திட்டினேன். திட்டிக்கொண்டே சமையலறை வெள்ளை ஓட்டைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த ஓட்டையே துடைக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. மனுஷங்க மாதிரி. அந்த ஆளுக்கு இந்த ஓட்டைப் பார்த்த பிறகுதான் நான் மனுஷி. அதற்குப் பல்லைக் காட்டி நின்றவளும் நான்தான். அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் பெரிது. இடம் என்னைப் பிடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது, எனக்கு அது தெரியவே இல்லை.

மெஷினின் வயரைப் பிடுங்கினேன். கதவைத் திறந்து, யாராவது வந்து மெஷினைத் தூக்குங்கள் என்று மாடிக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். அண்ணி உள்ளே போகும்போது என் தோளை ஒரு இடி இடித்துவிட்டுப் போனாள்.

ஆறாம் நம்பர்க்காரி ஏற்கெனவே மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தாள். "இதுக்கா இவ்வளவு நேரம் யோசிச்சே?" என்று கேட்டுவிட்டு ஏழாம் நம்பருக்கு நடந்தாள். அதற்கப்புறம் நிற்கவில்லை. படிகளில் பானையும் பீரோவும் கைக்குழந்தையும் ஏறின. நாற்பதாம் நம்பர்க்காரர் மட்டும் நான்கு மாடியும் கட்டிலோடு இறங்கி முதலாம் நம்பருக்கு வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு வைத்துக்கொண்டு இறங்கினார், ஆனாலும் இறங்கினார்.

பத்து மணிக்கு ஆய்வாளர் வந்து நான்காம் நம்பரைத் தட்டினார். மூன்றாம் நம்பர்க்காரர் பல் தேய்த்துக்கொண்டே திறந்தார். ஐந்தில் அண்ணி. ஆறில் நான். பதிவேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு வீடாகத் தட்டிக்கொண்டு மேல் மாடி வரைக்கும் போனார். ஒரு கதவுகூடப் பூட்டியில்லை, ஒரு வீட்டில்கூட பதிவேட்டில் இருக்கிற பெயர்க்காரர் இல்லை. இறங்கி வந்தபோது சட்டை நனைந்திருந்தது. அண்ணியின் முன்னால் வந்து நின்றார்.

"உங்க ஒருத்தி பிடிவாதத்தால நாற்பது குடும்பமும் தெருவுக்கு வரப்போகுதும்மா."

"தெருவைக் காட்டி எங்களை எதுக்கு சார் பயமுறுத்தறீங்க? அங்கேருந்துதானே வந்தோம். எழுதறதா இருந்தா நாற்பதையும் எழுதுங்க. ஒண்ணை மட்டும் எழுதாதீங்க."

அவர் நாற்பது கதவுகளையும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். எல்லாவற்றிலும் ஆள் நின்றுகொண்டிருந்தது. பேனா மூடியைத் திறந்தார், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார், மூடிக்கொண்டார். அன்றைக்கு அவர் ஒரு பெயரும் எழுதவில்லை. அதற்குப் பிறகும் எழுதவில்லை.

அடுத்த எட்டாம் நாள் அண்ணி ஆறாம் நம்பருக்கு வந்தபோது நிற்க வேண்டிய அவசியமே வரவில்லை. நான் மெஷினை முந்தின நாளே கழற்றி வைத்திருந்தேன்.