உதிர்ந்தது உப்பு இல்லை

தண்ணித்தொட்டி கழுவுகிறவனுக்கு ஊரிலுள்ள மொட்டைமாடி எல்லாம் தெரியும், ஒரு அடுப்படியும் தெரியாது. விருதுநகர், சிவகாசி வெயிலில் பிளாஸ்டிக் தொட்டி வைத்துத் தண்ணீர் குடிக்கிற உங்களுக்காகத்தான் சொல்கிறேன். நானும் உங்களில் ஒருத்தன்.

தோசைக்கல்

நாரணாபுரத்தில் ஓர் அக்கா வீடு. தொட்டி மூடி உடைந்து, வருசக்கணக்கில் வெயில் உள்ளே விழுந்திருக்கிறது. உள்சுவரில் வெள்ளையாகப் பொடி. நம்மூர்த் தண்ணீர்தானே, உப்பு படிந்திருக்கும் என்று சுரண்டினேன். செதில் செதிலாக வந்தது. வாளித் தண்ணீரில் போட்டால் கரையவில்லை, மிதந்தது. அக்காவிடம் காட்டினேன். அவர் நம்பாமல் ஒரு சிட்டிகையைக் காய்ந்த தோசைக்கல்லில் தூவினார். உருகிச் சுருண்டது. பிளாஸ்டிக் பை எரிகிற நாற்றம். அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னார்: "பன்னெண்டு வருசமா இந்தத் தண்ணியிலதான் தம்பி உலை வைக்கேன்."

நீல டிரம்

அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. தொட்டியோடு, வேலை பார்க்கும் பெண்கள் தண்ணீர் குடிக்கிற நீல டிரம்மையும் கழுவச் சொன்னார்கள். வெயிலிலேயே நின்று வெளுத்துப்போன டிரம். விளிம்பைப் பிடித்துச் சாய்த்தேன். பிடித்த இடம் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்துவிட்டது. ஃபோர்மேன் அன்றைக்கே மாற்றிவிடுவதாகச் சொன்னார், மாற்றவும் செய்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டுக் கேட்டார்: "மருந்துத்தூளுக்கு மூக்கைக் கட்டிக்கிடுதோம்ணே, குடிக்கிற வாயை எதை வச்சுக் கட்ட?"

குடல் டாக்டர்

அடுத்த வாரம் விருதுநகரில் ஒரு குடல் டாக்டர் முதல்முறையாகத் தொட்டி கழுவக் கூப்பிட்டார். இரண்டு இடத்துச் செதிலையும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போனேன். வெயிலில் பொரிந்த பிளாஸ்டிக் சொரசொரப்பானது, ரசாயனத்தையும் கிருமியையும் ஒட்டவைத்துக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத துகளாகி உள்ளே போனால் குடல்சுவரைப் புண்ணாக்கலாம் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் சந்தேகப்படுகிறார்கள் என்றார். பெரும்பாலும் வெளியேறிவிடுமாம். மிச்சம் என்ன செய்யும் என்று இன்னும் யாருக்கும் முழுசாகத் தெரியாதாம். அப்பாடா என்பதா, ஐயோ என்பதா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு பேருமாக மாடியேறி, வெயிலில் மூடி வெடித்திருந்த அவர் தொட்டியைத் திறந்தோம். அவரே உள்சுவரை விரலால் தேய்த்தார். விரலெல்லாம் வெள்ளை. அதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "மாத்திரை போட நோயாளிகளுக்கு இந்தத் தண்ணியத்தான் குடுத்துக்கிட்டிருக்கேன்."

இருபது வருசமாக நான் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தேன், அந்த இருபது வருசமும் தொட்டி எனக்குள் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.