ஒரு வருடக் கெடு

இன்ஷூரன்ஸ் படிவத்தை நிரப்பியது நான்தான். எழுபதுகளின் தொடக்கம். கியூபெக்கில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் வீடு வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை; கார் அதற்கும் பிறகு வந்தது. என் கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தத் தெரியும், படிவம் என்றால் காத தூரம் ஓடுவார். என் காரில் கீறல் விழுந்தால் முழுச் செலவும் கிடைக்கும்படி ஒரு கட்டத்தில் குறியிட்டேன். என் காரால் பிறருக்கு அடிபட்டால் கம்பெனி எவ்வளவு வரை கொடுக்கும் என்ற கட்டத்தில், இருப்பதிலேயே குறைந்த தொகை. கொஞ்சம் கூடக் கட்டினால் நிறையப் பாதுகாப்பு என்று ஏஜெண்ட் சொல்லிப் பார்த்தார். நான் யாரை இடிக்கப் போகிறேன் என்று கேட்டேன். கெட்டிக்காரி என்று என்னைப் பற்றி எனக்கு அப்போது ஒரு நினைப்பு.

இடித்தேன். அதுவும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துகொண்டிருந்தவனை.

அவன் மதுரைக்காரன். கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இருந்த இளம் டாக்டர். பனி விலகிய மாதங்களில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வந்து எங்களோடு சாப்பிட்டுவிட்டுப் போவான். அன்று தயிர் போதாது என்று புவாண்ட்-கிளேர் கடைகளுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது, சாலையில் ஒரு பஸ் போகட்டும் என்று காத்திருந்து, அது போனதும் காரைத் திருப்பினேன். பஸ்ஸுக்குப் பின்னால் வந்த மோட்டார் சைக்கிளை நான் பார்க்கவில்லை. தப்பு முழுக்க முழுக்க என்னுடையது.

அவனுடைய வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. தரையில் கிடந்தபடியே, "பயப்படாதீங்கக்கா, ஒண்ணுமில்ல" என்றான். என் காருக்கு ஒரே வாரத்தில் புது பம்பர் வந்தது.

ஏஜெண்ட் போனில் விஷயத்தைச் சொன்னார். அடிபட்டது அறுவை சிகிச்சை செய்யப்போகிறவரின் கை. அவர் வழக்குப் போட்டால், வாழ்நாள் முழுக்கச் சம்பாதித்திருக்கக் கூடியதைக் கணக்கிட்டு கோர்ட் நஷ்டஈடு விதிக்கலாம். கம்பெனி நான் குறியிட்ட தொகை வரைதான் கொடுக்கும். மீதிக்கு எங்கள் வீட்டின் மேல் கை வைப்பார்கள். ஆனால் அவருக்குச் சட்டம் கொடுத்திருப்பது ஒரே வருடம். அதற்குள் போடாவிட்டால் அந்த உரிமை போய்விடும். அதுவரை அவரிடம் இதைப் பற்றி எதுவும் பேசாதீர்கள் என்றார்.

நான் பேசவில்லை. வழக்குப் போடச் சொல்லி அவனிடம் யாரோ சொன்னபோது, "அக்கா மேலயா கேஸ் போடச் சொல்றீங்க? அவங்க வீட்ல சாப்பிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டான் என்று எங்கள் காதுக்கு வந்தது. எனக்கு உயிர் வந்தது. வழக்கில் என் பெயர் இருந்தாலும் முதலில் பணம் கொடுக்க வேண்டியது கம்பெனிதான், அதை விட்டுவிடாதே என்று நான் அவனுக்கு விளக்கியிருக்கலாம். பெரிய தொகைக்குக் குறியிட்டிருந்தால் நானே வக்கீலிடம் அழைத்துப் போயிருப்பேன். இது சத்தியம்.

அதற்குப் பதிலாகச் சமைத்தேன். என் கணவர் ஒவ்வொரு ஞாயிறும் காரில் போய் அவனை அழைத்து வருவார். இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடத் தோதாக எல்லாவற்றையும் பிசைந்தே வைப்பேன். முதலில் அவன் கூச்சப்பட்டான், பிறகு பழகிவிட்டது. பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் என் சோற்றைத் தின்றுகொண்டிருக்கும்வரை கோர்ட்டுக்குப் போக மாட்டான் என்ற நினைப்பும் கூடவே இருந்தது. சாப்பாடு போட்டே ஒருவன் வாயை அடைத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

"அவன்கிட்ட சொல்லிடலாமா?" என்று கணவர் ஒருமுறை கேட்டார்.

"வீட்டை வித்துட்டு எங்க போறதாம்?" என்றேன். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கெடு முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று அவன் கேட்டான். சும்மாதான் என்றேன். இரண்டாவது தம்ளரும் வாங்கிக் குடித்தான்.

அந்தக் கை சரியாகவில்லை. மூன்று முறை அறுவை நடந்தது. கத்தி பிடிக்கும் அளவுக்கு விரல்கள் வளையவில்லை. பயிற்சியை விட்டுவிட்டு நோய்க்கூறு ஆய்வகத்துக்கு மாறினான். நாளெல்லாம் மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரும் வேலை. எழுபதுகளின் கடைசியில் கியூபெக்கில் சட்டமே மாறியது. தப்பு யாருடையதாக இருந்தாலும் அடிபட்டவருக்கு அரசாங்கமே கொடுக்கும், ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட முடியாது. பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு, எனக்குத் தோதாகக் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று அரசாங்கத்தின் மேல் எரிச்சல்பட்டேன். என்ன பிறவி நான்!

அடுத்த வருடம் அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. விடைபெற வந்தான். கணவர் வீட்டில் இல்லை. சமையலறையில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: குறைந்த தொகை, ஏஜெண்ட் சொன்னது, ஒரு வருடம், வீடு. அவன் கோபப்படட்டும் என்றுகூட இருந்தது.

"தெரியும்க்கா" என்றான். "கூட வேலை பாத்த டாக்டர் அப்பவே சொன்னாரு. வக்கீலயும் போய்ப் பாத்தேன். பேப்பரெல்லாம் ரெடி பண்ணிட்டாரு, கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

"பின்ன ஏன்ப்பா போடல?"

அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"உங்களக் கேக்காம எப்படிப் போடுறது? 'போடுப்பா'ன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருவீங்கன்னுதான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்தேன்."