கேமரா முன்னால் பூசிய திருநீறு

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், எதற்கெடுத்தாலும் பயம். என் மகள் வேலைக்குப் போய்க்கொண்டே கம்ப்யூட்டர் பாதுகாப்புச் சான்றிதழுக்காக ஒரு வருஷம் படித்தாள். பரீட்சையை ஆயர் ஈத்தாமில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டிலேயே, கேமரா முன்னால் எழுதினாள்; அதன் வழியாகப் பரீட்சைக்காரர்கள் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

"யாரும் உள்ள வரக்கூடாதும்மா. வந்தா கேன்சல் பண்ணிருவாங்க" என்று சொல்லித்தான் கதவைச் சாத்தினாள்.

திருநீறு பூசாமல் உட்கார்ந்துவிட்டாளே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. சத்தமில்லாமல் உள்ளே போய்ப் பூசிவிட்டேன். உடனே பரீட்சையை நிறுத்திவிட்டார்கள்.

"நான் பேசவே இல்லைங்களே" என்றேன் கேமராவைப் பார்த்து.

"அவங்க போயிட்டாங்கம்மா" என்றாள். திட்டவில்லை. நெற்றியைத் துடைக்கவும் இல்லை.

இப்போது மறுபடி படிக்கிறாள். பரீட்சை என்றைக்கு என்று இம்முறை என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் அவள் கதவைச் சாத்தும்போதெல்லாம் கீழே இறங்கி, பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.