இரவு பஸ் நின்ற இடம்

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸைப் பற்றி நான் வேலை செய்யும் கந்தோர்ப் பெடியளிடம் கேட்டால், போனிலேயே சீற் பிடிக்கலாம், ஏசி இருக்கு, படம் போடுவாங்கள் என்பார்கள். அவர்களுக்கு அது எப்போதும் ஓடிக்கொண்டிருந்த பஸ். நான் பழைய கதை ஏதும் சொல்ல வாயெடுத்தால், "அன்ரி தொடங்கிட்டா" என்று ஒருத்தனை ஒருத்தன் பார்த்துச் சிரிப்பான்கள். சிரிக்கட்டும். நான் தொடங்கத்தான் போகிறேன்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் இரவு பஸ் இருந்தது. சண்டை வந்ததும் பஸ் பகலுக்கு மாறியது. பிறகு சமாதானம் என்றார்கள், இரவு பஸ் திரும்ப வந்தது. சமாதானம் முறிந்தது, பஸ்ஸும் நின்றது. எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள், மறுபடியும் வந்தது. நாட்டு நிலவரம் அறிய நாங்கள் பேப்பர் புரட்டியதில்லை. இருட்டின பிறகு பஸ் நிலையத்தில் கொழும்பு போர்டு மாட்டிய பஸ் நிற்கிறதா என்று எட்டிப் பார்ப்போம். நின்றால் அன்றைக்கு நிம்மதியாகச் சோறு இறங்கும்.

என் கணவருக்குச் சொந்த இடம் குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூருக்குக் கிட்ட இருக்கும் கட்டைபறிச்சான். அப்போது ஆறுகளுக்குப் பாலம் கிடையாது. லோஞ்சில் குடாவைக் கடந்து, முழங்கால்வரை நனைந்த களுசானோடு ஓடிவந்துதான் கொழும்பு பஸ்ஸைப் பிடிப்பார். அங்கே ஒரு இரும்புக் கடையில் அவருக்கு வேலை. இப்போது பாலங்கள் வந்துவிட்டன, பஸ் மூதூருக்குள்ளேயே போய் ஆளை ஏற்றுகிறது. சனம் லோஞ்சை மறந்துவிட்டது. அவர் எதையும் லேசில் மறக்கிற ஆள் இல்லை, அதுதான் வினையாகப் போனது.

தம்பலகாமம் தாண்டி ஒரு மதகு இருக்கிறது. அந்த நாளில் அதில் ஒரு சோதனைச் சாவடி. பஸ் நிற்க முதலே எல்லோரும் எழும்பிவிடுவோம். பையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஆம்பிளைகள் இந்தப் பக்கம், பொம்பிளைகள் அந்தப் பக்கம். மதகின் இந்தத் தலைப்பில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு நடக்க வேண்டும். எங்கள் வாயில் அது எப்போதும் ஐசிதான். மறு தலைப்பில் பேர் கூப்பிட்டு ஐசியைத் திருப்பித் தருவார்கள். பஸ் வெறுமையாக முன்னுக்குப் போய் நிற்கும், அட்டை கிடைத்தவர்கள் ஏறலாம்.

ஒருமுறை என் கணவருக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்தவரின் பேரைக் கூப்பிடவில்லை. அவர் அங்கேயே நின்றார், பஸ் வெளிக்கிட்டது. அவருடைய பை மேல் தட்டில் இருந்தது. அந்தப் பையை யாரும் வந்து கேட்கவில்லை என்று கொண்டக்டர் பிறகு சொன்னாராம். இதை என் கணவர் கலியாணமான புதிதில் ஒருதரம் சொன்னார். நானும் ஓம் என்று கேட்டுவிட்டுக் சமையலைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டேன். வேறு என்ன செய்வது? அப்போது எல்லோரிடமும் அப்படி ஒரு கதை இருந்தது.

சண்டை முடிந்து பல வருசம் கழித்து அவருக்கு நெஞ்சில் வால்வு பழுது என்று கண்டுபிடித்தார்கள். நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும். ஒப்பரேஷன் கொழும்பில்தான். திகதிக்காகக் காத்திருந்து காத்திருந்து அலுத்துவிட்டது. கடைசியாக வந்த திகதியைத் தவறவிட்டால் திரும்பவும் வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும், அதுவரைக்கும் இந்த நெஞ்சு தாங்காது என்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். விடியப்புறம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டும். அதற்கு எங்களுக்கு இருந்தது இரவு பஸ்தான்.

முன் சீற் எடுத்திருந்தேன். நான் யன்னலோரம், அவர் நடைபாதை ஓரம். திருகோணமலை ரவுணைத் தாண்ட முதலே அவர் தூங்கிவிட்டார். நானும் கண்ணயர்ந்தேன்.

திடீரென்று பஸ் நின்றது. உள்ளே லைற்றுகள் எரிந்தன. கண்ணை முழிக்க முதலே என் கை கைப்பைக்குள் போய் ஐசியைத் தேடியது. திரும்பிப் பார்த்தால் பஸ்ஸில் பாதிச் சனம் எழும்பி நிற்கிறது. நரைத்த தலைகள் எல்லாம் எழும்பி, சட்டைப் பையைத் தடவுகின்றன. இளசுகள் காதில் வயரை மாட்டிக்கொண்டு நல்ல நித்திரை.

"என்ன எல்லாரும் எழும்புறீங்கள்? றோட்டில யானை நிக்குது. இருங்கோ, இருங்கோ" என்றான் கொண்டக்டர் பெடியன்.

"பழக்கதோசம் தம்பி" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, எழும்பிய சனமெல்லாம் வெட்கத்தோடு சிரித்தது. நானும் சிரித்தேன். அவரிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று திரும்பினால் பக்கத்துச் சீற் காலி. முன் கதவு திறந்து கிடந்தது.

"அன்ரி, இறங்காதேங்கோ!" என்று, கதவடிக்குப் போன என்னைப் பார்த்துக் கொண்டக்டர் பெடியன் கத்தினான்.

"என்ர மனிசன் இறங்கிட்டார் தம்பி. பஸ்ஸை எடுத்துப் போடாதேங்கோ, உங்களுக்குப் புண்ணியம்!"

இறங்கி ஓடினால், அது பழைய சாவடி இருந்த அதே மதகு. அவர் அதன் மறு தலைப்பில் நின்றார். முன்னுக்கும் ஆள் இல்லை, பின்னுக்கும் ஆள் இல்லை. ஆனாலும் வரிசையில் நிற்பதுபோல நேராக நின்றார். மூச்சு வாங்கியது.

"நீர் ஏன் இஞ்ச வந்தனீர்? பொம்பிளையளுக்கு மற்றப் பக்கமெல்லே" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "செக்போயின்ற்றை எடுத்து எவ்வளவு காலமப்பா! முன்னுக்கு யானை நிக்குது. விடிஞ்சா ஒப்பரேஷன். என்னைச் சாக்கொல்லவோ வெளிக்கிட்டனீங்கள்?"

அவர் பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓ" என்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். யானை வயலுக்குள் இறங்கிப் போனது, பஸ் வெளிக்கிட்டது. ஹபரணை வரைக்கும் ஏசிக்கொண்டு வந்தேன். "நித்திரைத் தூக்கம், விடுமப்பா" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் வாட்டுக்கு ஆளை எடுக்கிற இடத்தில் அடையாள அட்டை கேட்டார்கள். அவர் சட்டைப் பையில் கை வைக்கவே இல்லை.

"எங்கயப்பா ஐசி?"

"குடுத்திட்டன்."

"ஆரிட்டக் குடுத்தனீங்கள்?"

"மதகடியில. அந்தப் பக்கம் பேர் கூப்பிட்டுத் தருவினம்தானே." சொல்லி முடிக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. குழந்தைப்பிள்ளைபோலத் தலையைக் குனிந்தார். "மதகுக் கட்டு மேல வச்சிட்டன் போல. திரும்பிப் போகேக்க எடுப்பம்."

நல்ல காலம், என் கைப்பைக்குள் அவருடைய ஐசியின் போட்டோ கொப்பி இருந்தது. எப்போதும் இருக்கும். அந்த நாளில் புருசன், பிள்ளை எல்லோருடைய கொப்பியையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்த பொம்பிளைகள் நாங்கள். பதிவு மேசையில் இருந்த கிளாக் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை வாங்கினார், ஆளை எடுத்தார்கள். திகதி கைவிட்டுப் போகவில்லை. அவருடைய பழக்கம் கெடுத்ததை என்னுடைய பழக்கம் காப்பாற்றிவிட்டது என்று, கடவுளே, நான் பெருமைகூடப் பட்டேன்.

ஒப்பரேஷன் நல்லபடி நடந்தது என்றுதான் சொன்னார்கள். பிறகு காய்ச்சல் வந்தது, அது விடவில்லை. அவருடைய உடம்பைப் பகலில் ஒரு வாடகை வானில் கொண்டுவந்தோம். மதகடியில் றோட்டு கிடங்கும் குழியும், வான் மெல்லத்தான் போனது. ஐசியைத் தேடி எடுக்க நான் நிற்பாட்டச் சொல்லவில்லை. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. செத்தவீட்டில் சனம், அழுங்கோ அக்கா, அழுதால்தான் ஆறும் என்றது. வராத அழுகையை நான் எங்கே போய் எடுப்பது? எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவு முடிந்ததும் கந்தோருக்குப் போனேன், சமைத்தேன், தின்றேன். மரத்துப்போய்க் கிடந்தேன்.

பிறகு ஒருநாள், அவருடைய மரணப் பதிவுக்கு ஒரு கையெழுத்து வாங்க, கிராம அலுவலரான விதானையின் கந்தோருக்குப் போனேன். விதானை இப்போது ஒரு இளம் பிள்ளை, மரியாதையான பிள்ளை. கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னாள்.

"அன்ரி, அங்கிளின்ர ஐசியைத் திருப்பி ஒப்படைக்கோணும். கொண்டு வந்தனீங்களோ?"

நான் கொப்பியை எடுத்து நீட்டினேன்.

"இது கொப்பியெல்லே. உண்மையான ஐசி எங்க?"

"அதை அவர் முதலே குடுத்திட்டார் பிள்ளை."

"ஆரிட்டக் குடுத்தவர்?" என்று அவள் பேனையோடு என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.