அக்காவின் முதற்பலன்

இந்த வருட அறுப்பின் பண்டிகைக்கு என் அக்கா எதைக் கொண்டுவந்தாள் என்று சொன்னால் ஊரில் இன்னும் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு முற்றத்தில் நின்று கடைசிவரை பார்த்தவர்கள் சிரிப்பதில்லை.

எங்கள் சபையில் அவரவர் உழைப்பின் முதற்பலனை ஆலயத்துக்குக் கொண்டுவருவது வழக்கம். வாழை வைத்தவர் குலை கொண்டுவருவார். கோழி வளர்ப்பவர் ஒரு சேவல். தையல் கடைக்காரர்கூட அந்த வருடம் தைத்த முதல் சட்டையை மடித்து எடுத்துவருவார். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். எடுத்தவர் விரும்பினால் பொருளைத் திரும்ப மேசையிலேயே வைத்துவிடலாம்; அது மறு ஏலத்துக்குப் போகும். அப்படி ஒரே சேவல் நாலைந்து கை மாறும். இப்போது வளைகுடாவில் இருப்பவர்களும் போனில் ஏலம் கேட்கிறார்கள் என்பதால் சேவலுக்கு மவுசு கூடிவிட்டது.

அக்கா கொண்டுவந்தது ஒரு கட்டுத் தாள்.

அக்கா சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவள். கம்ப்யூட்டர் என்றால் குளிரூட்டிய கூடம் நிறைய நிற்கும் இரும்பு அலமாரிகள் என்றிருந்த காலம் அது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்களாம். அதற்கு நிரல் எழுதியவர்களில் முதல் கூட்டத்தைச் சேர்ந்தவள் எங்கள் அக்கா. நிரலை வரிக்கு ஓர் அட்டையாக ஓட்டை போட்டு, அடுக்குக் குலையாமல் கட்டிக் கொடுக்க வேண்டும். ரப்பர் வளையம் அறுந்து அட்டைகள் சிதறுகின்றன என்று, லீவுக்கு வந்தபோது வீட்டிலிருந்து வாழைநார் கொண்டுபோனாள். முதலில் சிரித்த அலுவலகமே பிறகு அவளிடம் நார் கேட்டு வாங்கியது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

அவள் எழுதி முதன்முதலாகப் பிழையில்லாமல் ஓடிய நிரல் எங்கள் தண்ணீரைப் பற்றியது. பேச்சிப்பாறை அணையில் இவ்வளவு தண்ணீர் இருந்தால், எந்தக் கால்வாயில் எந்த மடைக்கு எந்த நாளில் அது வந்து சேரும் என்று கணக்கிட்டு அட்டவணையாக அச்சடிக்கும். அந்தத் தாளின் ஒரு படியை அவள் அந்த வருடமே முதற்பலனாக வைக்க ஆசைப்பட்டாள். அப்பா ஒப்பவில்லை. "ஆண்டவருக்கு ஆராவது கடுதாசி வைப்பாவளா? சம்பளத்த வையி மக்கா" என்றார். அவள் சம்பளத்தைக் கவரில் போட்டு வைத்தாள். தாள் டிரங்குப் பெட்டிக்குள் போனது.

அதை இத்தனை காலம் கழித்து வெளியே எடுக்கவைத்தது ஒரு சுவர். பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் அக்காவைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள்; நானும் கூடப் போனேன். கணினித் துறையின் சுவர் முழுக்க முன்னோடிகளின் படங்கள். பற்சக்கரங்களால் கணக்குப் போடும் எந்திரத்துக்குத் திட்டம் வரைந்தவர், அதற்கு முதல் நிரல் எழுதிய சீமாட்டி, போர்க்காலத்தில் எதிரியின் ரகசியச் செய்திகளை உடைத்தவர் என்று வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் தங்க எழுத்தில் பெயர். அக்கா ஒவ்வொன்றின் முன்னும் கைகட்டி நின்றாள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்க படம் எங்க?" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

"சும்மா கெடட்டி. இவியளு இல்லன்னா நான் எங்க?" என்றாள் அக்கா.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தாள். "இந்தப் பண்டிகைக்கு இத வைக்கப்போறேன். இப்ப தடுக்கதுக்கு அப்பா இல்லல்லா" என்றாள். அத்தனை பேர் முன்னால் அதை யாரும் ஏலம் கேட்காமல் போனால்? அவளுடைய அத்தனை வருட உழைப்பும் அந்த மேசைமேல் அனாதையாகக் கிடக்குமே. யாரும் கேட்காவிட்டால் நானே கேட்டு எடுத்துவிடுவது என்று முடிவுசெய்து, பர்ஸை நிறைத்துக்கொண்டு போனேன்.

ஏலம் போட்டவர் எங்கள் சபைச் செயலர். பேசியே பூசணிக்காயைப் பவுன் விலைக்கு ஏற்றிவிடுவார். அவர் தாளின் ஒரு நுனியைப் பிடித்துத் தூக்கினார். பக்கத்தோடு பக்கம் ஒட்டிய அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் தாள் அது; மடிப்பு மடிப்பாக அவிழ்ந்து, பலாப்பழத்தைச் சுற்றி, கால் கட்டியிருந்த சேவலின்மேல் போய் விழுந்தது. சேவல் கோபத்தோடு ஒரு கொத்து கொத்தியது.

"இதென்ன, பழைய பரீட்சைப் பேப்பரா?" என்றார் செயலர். முற்றமே சிரித்தது. அக்கா மட்டும் நிமிர்ந்து நின்றாள்.

நான் சட்டென்று ஒரு தொகையைச் சொன்னேன். "தங்கச்சிதான கேக்கணும், வேற ஆரு கேப்பா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். பண்டிகை நாளாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் கடைமடையில் வயல் வைத்திருக்கும் முதியவர் ஒருவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். கால்வாயின் கடைசி மடை அது. தண்ணீர் எல்லாருக்கும் பாய்ந்து முடித்துத்தான் அங்கே போகும். வாழைக்குலை எடுக்க வந்தவர், குலையை விட்டுவிட்டு மேசையருகே வந்தார்.

"இதுல என்ன எழுதியிருக்கு மக்கா?"

"தண்ணிக் கணக்கு அண்ணாச்சி. எந்த மடைக்கு எந்த நாள் வரும்னு."

"எங்க மடை இருக்கா?"

அக்கா தாளைச் சேவலிடமிருந்து மெதுவாக இழுத்து, கடைசி வரியில் விரலை வைத்தாள். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒரு வருசம் இதமாதிரி மடையில எழுதிப் போட்டிருந்தாவ. சொன்ன நாளு தண்ணி வந்துச்சு. நாத்துப் பாவுகதுக்கு முன்னாலயே நாளு தெரிஞ்சது எனக்கு அதான் மொதத் தடவ. ஆரு எழுதினதுன்னு கேட்டேன். மிஷினாக்கும்னு சொன்னாவ."

"மிஷினுக்கு எழுதிக் குடுத்தது நானாக்கும்" என்றாள் அக்கா.

சிரிப்பு நின்றுவிட்டது. முதியவர் செயலரைத் திரும்பிப் பார்த்து, என் தொகைக்கு மேல் ஒன்று சொன்னார். நான் ஏற்றினேன். அவரும் ஏற்றினார். போனில் துபாயிலிருந்து ஒருவன் கேட்டான். அவனையும் தாண்டினார். என் பர்ஸ் தீர்ந்துபோனது. தோற்றதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

"ஒருதரம், ரண்டுதரம், மூணுதரம்!" செயலர் மேசையைத் தட்டினார். "மறு ஏலத்துக்கு வைக்கியளா?"

"வைக்கமாட்டேன். இது எனக்க வீட்டுக்கு."

தாளைக் கவனமாக மடித்து வைத்தவர் பிறகு என்ன நினைத்தாரோ, கடைசிப் பக்கத்தை மறுபடி விரித்தார். "இதுல ஆருக்க பேரும் காணல்லியே. உனக்க பேர எழுது மக்கா" என்று சட்டைப் பையிலிருந்த பேனாவை நீட்டினார்.

அக்கா பேனாவை வாங்கினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைமடையின் வரிக்குக் கீழே தன் முழுப் பெயரையும் எழுதினாள்.