வெறும் வயிற்றோடு போக வேண்டிய மீன்குஞ்சுகள்

அனிற்றா, றொபின், இதை உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். நேற்று அனிற்றா விஞ்ஞானப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கிகளின் சிறப்பியல்புகளைப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். போசணை, சுவாசம், கழிவகற்றல், அசைவு, உறுத்துணர்ச்சி, வளர்ச்சி, இனப்பெருக்கம். ஏழையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, "அப்பா, இப்ப நீங்கள் சொல்லுங்கோ பாப்பம்" என்று என்னை மடக்கினாள். நான் மூன்றோடு நின்றுவிட்டேன். "அப்பாவுக்கு மீனைத் தவிர ஒண்டும் தெரியாது" என்று றொபின் சிரித்தான்.

அவன் சொன்னது சரிதான். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனாலும் அந்த ஏழும் புத்தகத்தில் வரிசையாக நிற்பதைப்போல உயிருக்குள் தனித்தனியாக நிற்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஒன்றில் கை வைத்தால் மற்றது ஆடும். மீன்குஞ்சுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு பிழையால் அதை அறிந்தேன்.

1. பிடித்த கை

நாயாற்றில் களப்பிலும் கடலிலும் தொழில் செய்துகொண்டிருந்தேன். தோள்மூட்டு பழுதாகி வலை இழுக்க ஏலாமல் போன பிறகுதான் வவுனியாவுக்கு வெளியே இருந்த அந்தப் பண்ணைக்கு வந்தேன். பொறுப்பாக இருந்தவா கம்பஸில் படித்துப் பட்டம் எடுத்த ஒரு மிஸ். என்னைவிடப் பத்து வயதாவது இளையவா. முதல் நாளே மெல்லிய துணியில் தைத்த ஒரு கைவலையை என்னிடம் தந்தா.

"அன்ரன் அண்ணா, இது பிடிக்கிற வலை இல்லை. தூக்கி மாத்திற வலை. ஒரு செதில் கழரக்கூடாது."

"செதில் கழட்டித்தான் மிஸ் எனக்குப் பழக்கம்."

"அந்தப் பழக்கத்தை வீட்டுக் குசினியிலை வைச்சுக்கொள்ளுங்கோ."

வேலை இதுதான். மண்குளத்தில் விரல் நீளத்துக்கு வளர்ந்த ரோகு மீன்குஞ்சுகளை வெளியே அனுப்புவதற்கு முதல் நாளே சீமெந்துத் தொட்டிக்கு மாற்றவேண்டும். நல்ல தண்ணீர் விடவேண்டும், சாப்பாடு போடக்கூடாது. இதற்குக் கண்டிஷன் பண்ணுவது என்று பெயர். மறுநாள் தடித்த பொலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதற்குள் குஞ்சுகள், மிச்சத்துக்குச் சிலிண்டரிலிருந்து ஒட்சிசன். வாயை முறுக்கி றப்பர் பான்ட் போட்டால் பக்கிங் முடிந்தது. ஏன் சாப்பாடு போடக்கூடாது என்று நான் கேட்கவில்லை. கரைவலை இழுத்தவனுக்கு மீனின் வயிற்றைப்பற்றி என்ன கேள்வி இருக்கப்போகிறது?

2. இரண்டு பிடி

இரண்டாவது கிழமை, ஜெயபுரம் பக்கத்துக் குளம் ஒன்றின் மீன்பிடிச் சங்கத்துக்குக் குஞ்சு போகவேண்டியிருந்தது. அவர்களின் குளம் முந்தின வறட்சியில் நிலம் வெடிக்க வற்றிப்போயிருந்தது. ஒரு மீன் மிச்சமில்லை. மழைக்குக் குளம் நிரம்பிவிட்டது, மீன்தான் இல்லை. அந்தக் குளத்தில் வலை போட்டுச் சீவிக்கிற இருபது குடும்பமும் இந்தக் குஞ்சுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. பண்ணையிலும் அப்போது கொடுக்கக்கூடியதாக ஒரே ஒரு மண்குளத்துக் குஞ்சுதான் இருந்தது.

சங்கத் தலைவர் செல்லத்துரை அண்ணை காலை ஏழு மணிக்கே சின்ன லொறியோடு வந்துவிட்டார். தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பிள்ளையள் வாடிப்போய்க் கிடக்குது?"

"நேற்றிலையிருந்து சாப்பாடு இல்லை அண்ணை. மிஸ்ஸின்ரை ஓடர்."

"பயணம் போற பிள்ளையளைப் பட்டினியோடையே அனுப்புறியள்? நல்ல சனம் நீங்கள்!"

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது உள்ளே போய்த் தைத்தது. எங்கள் வீட்டுக்கு வந்த ஆரையாவது தேத்தண்ணியாவது கொடுக்காமல் அம்மா அனுப்பியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவரும் நானும் சண்டைக்காலத்தில் குடும்பத்தோடு மூட்டை தூக்கி ஊர் ஊராக நடந்தவர்கள். வெறும் வயிற்றோடு பயணம் என்றால் என்னவென்று எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. மிஸ் கந்தோருக்குள் போனில் கதைத்துக்கொண்டிருந்தா. நான் தவிடும் மீன்தூளும் கலந்த சாப்பாட்டில் ஒரு பிடி அள்ளினேன். செல்லத்துரை அண்ணை வாசல் பக்கம் பார்த்து, "கெதியாப் போடு" என்றார். போட்டேன். குஞ்சுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்து நிமிடத்தில் முடித்தன. திரும்பவும் ஒரு பிடி போட்டேன்.

"பாத்தியே, இப்பதான் முகத்திலை ஒரு தெளிவு" என்றார் அவர்.

இருபது பை கட்டி ஏற்றினோம். குளத்தில் இறக்கிவிட நானும் கூடப் போனேன்.

3. குளக்கட்டில்

மாங்குளத்தில் தேத்தண்ணிக்கு அரை மணித்தியாலம் நின்றோம். அப்போது பையைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. குளக்கட்டுக்குப் போய்ச் சேர்ந்து மூடியிருந்த தறப்பாளை இழுத்தபோதுதான் கண்டேன். பைக்குப் பை வெள்ளை வயிறுகள் மிதந்தன. மிச்சம் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து அடித்துக்கொண்டிருந்தன.

குளக்கட்டில் காத்திருந்த சனம் லொறியைச் சுற்றிக் கூடியது. பிறகு ஒரு அக்கா சொன்னா: "செத்த மீன்தான் கொண்டுவாறதெண்டால் ஐஸ் போட்டுக் கொண்டந்திருக்கலாமே அண்ணை. கறிக்காவது உதவியிருக்கும்."

செல்லத்துரை அண்ணை அப்படியே குளக்கட்டில் குந்திவிட்டார். "நான் மாங்குளத்திலை நிப்பாட்டியிருக்கக்கூடாது. என்ரை தேத்தண்ணியாலை வந்த வினை."

அவர் அப்படிச் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. பிள்ளைகளே, இதை மறைக்காமல் எழுதுகிறேன். மிஸ்ஸுக்குப் போன் எடுத்து, சாப்பாடு போட்டதை விட்டுவிட்டு, வழியில் சுணங்கியதால் மீன் செத்துவிட்டது என்றேன்.

"அரை மணித்தியாலத்திலை சாகாது அண்ணா. ஒரு பையைத் தூக்கி வெளிச்சத்திலை பிடியுங்கோ. தண்ணி எப்பிடி?"

"கலங்கல் மிஸ்."

"அடியிலை?"

அடியில் நூல் நூலாகக் கழிவு சுழன்றுகொண்டிருந்தது. அதைச் சொன்னேன்.

"ஆர் சாப்பாடு போட்டது?"

போன் குரல் வெளியிலும் கேட்டது. செல்லத்துரை அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார். சனமும் பார்த்தது. "நான்தான் மிஸ். பாவமெண்டு போட்டனான்."

அவா ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். "மீன் திண்டால் செமிக்கவேணும் அண்ணா. செமிக்கக் கூட மூச்சு வேணும். செமிச்சால் கழிக்கும். குளத்திலை எண்டால் அது கரைஞ்சு போயிடும். பைக்குள்ளை எங்கை போறது? தான் கழிச்ச தண்ணியைத்தானே திரும்பத் திரும்பச் சுவாசிக்குது. ஒரு நாள் பட்டினி கிடந்து மீன் சாகாது. வயிறு நிறைஞ்சுதான் செத்திருக்கு." பிறகு, "உயிரோடை இருக்கிறதைப் பாருங்கோ. பையைக் கட்டினபடியே குளத்திலை மிதக்கவிடுங்கோ. தண்ணிச் சூடு சமப்பட்ட பிறகு வாயைத் திறவுங்கோ" என்றா.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று பைகளைப் பிடித்துக்கொண்டிருந்தோம். செல்லத்துரை அண்ணை பக்கத்தில் நின்றார்.

"போடச் சொன்னது நான்தானே. என்ரை வாய், உன்ரை கை" என்றார்.

கடைசியில் தானாக நீந்திப் போனவை இரண்டு சிரட்டைக்குள் அடங்கும்.

4. மிஸ் தந்தது

பண்ணையில் இன்னொரு சின்னக் குளம் இருந்தது. அதிலிருந்த குஞ்சுகளைத் தாய்மீனாக வளர்க்கவென்று மிஸ் ஒதுக்கி வைத்திருந்தா. அவற்றைத் தருவதாகச் செல்லத்துரை அண்ணையிடம் சொன்னா. என்னிடம், "இதுவும் செத்தால் அவையளுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. இந்த முறையும் நீங்கள்தான் பக் பண்ணவேணும்" என்றா. வேறு ஆளைப் போடுவா என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்தக் குஞ்சுகளைக் கொண்டுபோனோம். குளத்தில் பைகளைத் திறந்தபோது அவை வாலை அடித்து இருட்டுத் தண்ணீருக்குள் போயின. முன்பு ஐஸைப்பற்றிச் சொன்ன அக்கா, "இப்பதான் இது மீன்" என்றா.

அனிற்றா, சோதனையில் ஏழையும் வரிசையாகவே எழுது, புள்ளி கிடைக்கும். ஆனால் ஒரு உயிரைப் பராமரிக்கும்போது அதன் வாயை மட்டும் பார்க்காதே. உள்ளே போனது எங்கே போகும், அதற்கு எவ்வளவு மூச்சு வேணும், அது இருக்கிற இடம் எவ்வளவு என்றும் பார். எங்களுக்குப் பசி எப்படி இருந்ததோ அப்படியே எல்லாவற்றுக்கும் இருக்கும் என்று நான் நினைத்தேன். இரக்கப்பட்டதில் பிழை இல்லை. விளங்காமல் இரக்கப்பட்டதுதான் பிழை.

இரண்டாம் முறை கொண்டுபோவதற்கு முதல் நாள் பின்னேரம் நடந்ததை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. மிஸ் வீட்டுக்குப் போய்விட்டா. தொட்டியடியில் நான் மட்டும் நின்றேன். அது வழமையாகச் சாப்பாடு போடுகிற நேரம். என் நிழல் தண்ணீரில் விழுந்ததும் குஞ்சுகள் முழுவதும் அந்த நிழலுக்குள் வந்து கூடி, வாயைத் திறந்து திறந்து மூடின. சாப்பாட்டு வாளி கை எட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. தொட்டியைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போனேன். வெயில் முகத்தில் அடித்தது, நிழல் எனக்குப் பின்னால் புல்லில் விழுந்தது. அவை ஒவ்வொன்றாகக் கலைந்து அடிக்குப் போகும்வரை அந்தப் பக்கமே நின்றேன்.